முப்பத்திரண்டாம் பக்கத்து நடுவர்

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த நாவலை நான் படிக்கவில்லை.

இந்த ஒரு வரிக்கு முன்னால் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில் ‘முழுமையாகப் படிக்கவில்லை’ என்று எழுதினேன். இரண்டாவதில் ‘ஆழ்ந்து படிக்கவில்லை’. மூன்றாவதில் ‘மறுவாசிப்புச் செய்யவில்லை’ என்று எழுதிவிட்டு, முதல் வாசிப்பே இல்லாதவனுக்கு மறுவாசிப்பு ஒரு கேடா என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அண்ணி சமையலறையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். “சிரிப்புச் சத்தம் கேக்குது. அப்ப மன்னிப்புக் கடுதாசி இன்னும் ஆரம்பிக்கலை” என்றாள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். கடந்த இருபத்தைந்து வருஷத்தில் வந்த அறிவியல் புனைகதை நாவல்களில் மிகச் சிறந்தது எது என்று முடிவு செய்ய நூலகம் மூன்று நடுவர்களைப் போட்டது. இயற்பியல் டீச்சர், அறிவியல் தெரிந்தவர் என்பதால். நீ, இருபத்திரண்டு வருஷமாக அந்த நூலகத்தில் பிரிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவள், வாசகர் பிரதிநிதி என்பதால். நான், பத்திரிகையில் வாராவாரம் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், என் படத்தைப் போட்டால் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள் என்பதால்.

கடைசிச் சுற்றில் இரண்டு நாவல்கள் மிஞ்சின. நீ ‘இரவல் மூச்சு’ என்றாய். நான் ‘பனிக்கோளின் தபால்காரி’ என்றேன். உன் நாவலை எதிர்த்து நாற்பது நிமிஷம் முழங்கினேன். அதற்கு என் கைவசம் இருந்தது முப்பத்திரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒன்றேகால் நிமிஷம். படித்த நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம்.

அதோடு விட்டேனா? “பசை வாசனையில உக்காந்து படிச்சா எந்த நாவலும் ஆகாசத்துலதான் பறக்கும்” என்றேன். அறையே குலுங்கியது. டீச்சர்கூடச் சிரித்தார். நீ மட்டும் உன் கட்டைவிரலில் காய்ந்திருந்த பசையை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாய். இரண்டுக்கு ஒன்று என்று ‘தபால்காரி’ ஜெயித்தாள். அடுத்த வாரம் நீ நூறு மைல் தள்ளி ஒரு கிளை நூலகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாய். வண்டியில் உன் பெட்டியை ஏற்ற வந்தேன். “விடுண்ணா, கை பசையாயிடும்” என்றாய்.

எனக்குச் சோறு போடுவது இந்த வாய். அதே வாய் கூடப்பிறந்தவளை ஊரைவிட்டே விரட்டிவிட்டது. வீட்டில் கண்ணாடி பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. சவரம்கூட உத்தேசமாகத்தான் நடக்கிறது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

போனில் நீ பேசினால் நான் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் முடிந்தது. நம் வீட்டில் எல்லாச் சண்டையும் அப்படித்தான் முடிந்தது, ஒன்றும் தீர்ந்ததில்லை. அதனால் கடிதமே இருக்கட்டும். எழுத்தில் நீ கொஞ்சம் சுமார்தான், சமாளித்துக்கொள்வேன்.

நீ படிக்கவில்லை என்பது கூட்டத்துக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். நீ திருப்பிக் கொடுத்த பிரதியில் முப்பத்திரண்டாம் பக்கத்தில் உன் மூக்குக்கண்ணாடிக் கடைச் சீட்டு இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடி வந்துவிட்டதா?

சிறந்த நாவல் எது என்பதற்கு டீச்சர் ஓர் அளவு வைத்திருக்கிறார்: எத்தனை அறிவியல் பிழை. நீ ஓர் அளவு வைத்திருக்கிறாய்: எத்தனை தடவை சிரித்தோம். கூட்டத்தில் என் அளவை நான் சொல்வதற்குள் பசை வாசனை வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். புத்தகத்தை மூடி, பக்கங்களின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்ப்பேன். கை பட்ட அழுக்கு எதுவரை போயிருக்கிறதோ அதுவரைதான் அந்த நாவல். பெரும்பாலான புத்தகங்களில் முன்பக்கம் பழுப்பு, மிச்சம் வெள்ளை. வாசித்தவன் பொய் சொல்வான், ஓரம் சொல்லாது. உன் தபால்காரியை நூற்றுப்பத்துப் பேர் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அறுபத்தைந்தாம் பக்கத்தைத் தாண்டி ஒரு விரலும் பட்டதற்கு அடையாளம் இல்லை. ‘இரவல் மூச்சு’க்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே அழுக்கு. அறிவியல் புனைகதையை மூன்றாம் மாடிக்கு ஏற்றிய பிறகுதான் அதை யாரும் தொடுவதில்லை. எழுபத்திரண்டு படி ஏறி யார் வருவார்கள்?

பசை வாசனை என்று நீ சொன்னது வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் இப்போதைய கவலை அது இல்லை. ஐந்து வருஷமாக வாசகர் யாரும் எடுக்காத புத்தகங்களை இந்த முப்பதாம் தேதி கழிக்கப்போகிறார்கள், நடுவர்களுக்குக் கொடுத்தது கணக்கில் வராது. கழிப்பது என்றால் எடைக்குப் போடுவது. பட்டியலில் ‘இரவல் மூச்சு’ இருக்கிறது. மொத்த நூலகத்திலும் அந்த ஒரே பிரதிதான். எழுதியவர் வானிலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்நூறு பிரதி அச்சடித்தார், அதற்கப்புறம் எதுவும் எழுதவில்லை. தேர்வாகிற நாவலை மட்டும்தான் அறுபத்து நாலு கிளைக்கும் புதிதாக அச்சடித்து அனுப்புவார்கள். முடிவு இன்னும் வெளியே அறிவிக்கப்படவில்லை. நடுவர் ஒருவர் எழுதிக் கேட்டால் மறுபடி கூடலாம் என்று விதி இருக்கிறது.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். படி.

இங்கே தைக்கும் அறை தரைத்தளத்தில். ஜன்னல் இருக்கிறது. பசை சீக்கிரம் காய்கிறது.

தங்கச்சி


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுபத்திரண்டு படியும் ஏறினேன். ஐம்பதாவது படியிலேயே எனக்கு மூச்சு இரவல் தேவைப்பட்டது. நாவலை மேலேயே தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன், நூலகத்தைப் பூட்ட வந்தவர் காலால் தட்டித்தான் கண்டுகொண்டேன். மறுநாள் மத்தியானம் வீட்டில் முடித்தேன். உன் அண்ணி இரண்டு தடவை டீயைச் சூடு பண்ணிவிட்டு மூன்றாம் தடவை அவளே குடித்துவிட்டாள்.

நீ பார்க்கிற ஓரத்தில் இனி என் அழுக்கும் உண்டு. கடைசிவரை.

அந்த விண்வெளி நிலையத்தில் பதினோரு பேருக்குத்தான் காற்று. பன்னிரண்டாவதாகக் குழந்தை பிறக்கிறது. வால்வு பார்க்கிற பெண் ஒவ்வொருவர் பங்கையும் நூலளவு குறைத்துக் குழந்தைக்குக் காற்று சேர்க்கிறாள். ஓடக் கூடாது, பாடக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. இவ்வளவையும் நீ கூட்டத்தில் சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை. நீ சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. நூற்று நாற்பத்தோராம் பக்கம். அங்கே ஒரு சமையல்காரன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அடக்க முடியாமல், வால்வு பார்க்கிறவளின் நடையைப் பற்றி ஒரு கேலி பேசிவிடுகிறான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மூன்று மணி நேரக் காற்று காலி. அடுத்த அத்தியாயத்தில், அந்த மூன்று மணி நேரத்தை யார் பங்கிலிருந்து கழித்தார்கள் என்று வருகிறது. அவளுடைய பங்கிலிருந்து. அவளேதான் கழித்துக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் நடந்தேன். இருபது வருஷமாக மனிதர்களைச் சிரிக்க வைக்கிறேன் என்று மார்தட்டியவன் நான். யார் பங்கிலிருந்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீ வேண்டுமென்றே இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டாயோ என்று தோன்றியது. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

முடிவு! அதைப் பற்றி என்ன சொல்ல? நிலையத்தின் மறுபகுதியில் இருப்பவர்கள் செத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நடுக் கதவைத் திறந்தால் இருக்கிற காற்றும் போய்விடலாம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவின் பிடியை இறக்குகிறாள். “கதவுக்கு அந்தப் பக்கம்” என்று இருக்கிறது. அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. என்ன துணிச்சல்! திறந்தாள் என்பதுதான் கதை, என்ன இருந்தது என்பதில்லை. நம் காலத்து நாவல்களில் இப்படி வாசகனின் கையில் கதவுப் பிடியைக் கொடுத்துவிட்டுப் போன இன்னொரு முடிவு கிடையாது.

டீச்சர் வீட்டுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன்.

“டீச்சர், நான் முப்பத்திரண்டு பக்கந்தான் படிச்சிருந்தேன்.”

அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, “நான் நாப்பது” என்றார்.

“அப்ப எப்படி ஓட்டுப் போட்டீங்க?”

“நாப்பது நிமிஷம் பேசுற மனுஷன் படிச்சிருப்பார்னு நம்பிட்டேன் சார். பரீட்சையில பக்கம் பக்கமா எழுதுற பிள்ளைகளைக்கூட நான் இப்படி நம்பினதில்லை.”

ஆக, நடுவர் மூவரில் படித்தவள் நீ ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் தோற்கடித்தோம். டீச்சர் நான்கு நாளில் சிவப்புப் பேனாவோடு முடித்தார். நாவல் முழுக்க இரண்டே பிழை. தபால்காரியில் முதல் நாற்பது பக்கத்துக்குள்ளேயே பதினேழாம்.

மறுகூட்டம் கேட்டு எழுதிக் கொடுத்தேன், நேற்று நானும் டீச்சரும் கூடி ஓட்டை மாற்றிப் போட்டோம். புதுத் தீர்ப்பையும் நானே எழுதினேன், இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் அந்த முடிவைப் பற்றி. ஜெயித்த நாவலின் பேரும் மாறியாயிற்று, கழிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தாயிற்று. இருபத்தெட்டாம் தேதி பேப்பரில் வரும்.

உன்னைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் ஓர் ஓரத்தில் எழுதி வைக்கிறேன்: வந்துவிடேன்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

தீர்ப்பில் முடிவைப் பற்றி எழுதினாயா? ஒன்றரைப் பக்கமா?

அந்தப் பிரதி இருநூற்று இருபத்து நாலாம் பக்கத்தில் முடிகிறது. நாவல் இருநூற்று நாற்பது பக்கம்.

சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது பிரிந்து போய் என்னிடம் வந்தது. பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பதுதான் வழக்கம். கடைசி மடிப்பு தனியாகக் கழன்றிருந்தது. மற்றதைப் பசை காய வைத்துவிட்டு அதைப் படித்தேன். அண்ணா, எல்லாம் கனவு. கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் அவளுடைய அம்மா நின்று, “எந்திரி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்கிறாள். நிலையமும் இல்லை, குழந்தையும் இல்லை. அப்புறம் ஒரு வாத்தியார் வந்து காற்று மாசு பற்றிப் பதினொரு பக்கம் பேசுகிறார். எல்லோரும் மரம் நடுகிறார்கள்.

ஊசியைக் கோத்தேன். அந்த மடிப்புக்கு மட்டும் கை போகவில்லை. விட்டுவிட்டுத் தைத்து அட்டை போட்டுவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது என் வேலை இல்லை. என் வேலைக்கு நேர் எதிரானது. மூன்றாம் மாடித் தைக்கும் அறையில் இதை யாரிடம் சொல்வது?

உன்னைப் படிக்கச் சொல்லும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ அதை வைத்தே நாவலைக் கிழிப்பாய் என்று பயந்தேன். நீ முடிவிலேயே போய் நிற்பாய் என்று நினைக்கவில்லை.

அந்த எட்டுத் தாளும் என்னிடம் இல்லை. வீணாக்கக் கூடாது என்று வேறு எட்டுப் புத்தகங்களின் முதுகில், அட்டைக்கு உள்ளே, பலத்துக்காக ஒட்டிவிட்டேன். அதில் ஒன்று உன் தபால்காரி.

நாவலை எழுதியவர் பேப்பரைப் பார்ப்பார். தன் முடிவு எங்கே என்று கேட்பார். நான் வந்து ஒத்துக்கொள்ளட்டுமா? வேலை போனாலும் போகட்டும் என்று எழுத ஆசைதான். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

தங்கச்சி


மே 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வர வேண்டாம். முடிந்துவிட்டது. நிதானமாகப் படி.

உன் கடிதம் கிடைத்தபோது தீர்ப்பு அச்சுக்குப் போய்விட்டிருந்தது. பேப்பரில் வந்த மறுநாளே எழுத்தாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். வெயில் கொளுத்துகிறது, கையில் குடை. வானிலை அலுவலகத்தில் இருந்தவர், கணிப்பை நம்பாதவர். மறு கையில் அவருடைய சொந்தப் பிரதி. நூலகர் என்னையும் டீச்சரையும் வரச் சொல்லியிருந்தார். நான் வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையில் பேப்பரைத் திணித்தார்.

“முற்றுப்புள்ளிகூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நான் வச்சிருக்கேனே?”

நூலகப் பிரதி வந்தது. அவர் தன் புத்தகத்தையும் நம் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். உன் தையலில் குறையே தெரியவில்லை. நூலகர்தான் முதலில் வாய் திறந்தார். “இது நம்ம பைண்டிங் அம்மா கைவேலை ஆச்சே. எப்படி…” என்று இழுத்தார்.

இழுத்தது ‘எப்படி’யைத் தாண்டியிருந்தால் உன் பெயர் வந்திருக்கும். எனக்கு அப்போது நூற்று நாற்பத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது. நான் அடித்த ஜோக்குக்கு உன் பங்கில் ஒரு ஊரே கழிந்திருக்கிறது. இதையும் உன் பங்கிலேயே கழிப்பதா?

“நான்தான் கிழிச்சேன்” என்றேன்.

டீச்சர் இருமினார்.

“எதுக்கு?” என்றார் நூலகர்.

யோசித்து வைத்திருக்கவில்லை. “பிடிக்கலை” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சுருக்கமான இலக்கிய விமரிசனம்.

எழுத்தாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாராவாரம் கிண்டல் எழுதுறவர் நீங்கதானே?”

“ஆமாங்க.”

“அதானே பார்த்தேன்” என்றார். “மூணு வருஷம் யோசிச்சேன் சார் அந்த முடிவை. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போற வயசு அப்போ. அவ நல்லபடியா எந்திரிச்சு ஸ்கூலுக்குப் போகணும்னுதான் கதையே எழுதினேன்.”

அந்த இடத்தில் அவர் என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் தன் பிரதியை மேசையில் வைத்துவிட்டு, நம் பிரதியைத் தன் உறுப்பினர் அட்டையில் முறையாகப் பதிந்து எடுத்துக்கொண்டு போனார். ஐந்து வருஷத்தில் நடுவர் அல்லாமல் அதை எடுத்துப்போன முதல் ஆள் அவர்தான்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அண்ணி, “செய்யாத தப்புக்கு இவ்வளவு அழகா முழிக்கிறீங்களே, செஞ்சதுக்கெல்லாம் ஏன் முழிக்கலை?” என்றாள்.

இரண்டு நாள் கழித்து வந்தார். நான் வாசிப்பறையில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். ஒளியவில்லை, தூண் அங்கே இருந்தது. நேரே என்னிடம் வந்தார்.

“முழுசாப் படிச்சேன். என் புத்தகத்தை நான் இருபது வருஷமாப் படிச்சதில்லை.”

“மன்னிச்சுடுங்க சார்.”

“மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். பதினாறு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவு வரைக்கும் வந்துட்டவளை மறுபடி ஸ்கூலுக்கு அனுப்ப எனக்கே மனசு வரலை. என் பொண்ணுக்கும் இப்ப முப்பத்தி ரெண்டு வயசாச்சு. அவளைக் கேட்டேன். ‘விடுங்கப்பா, நான் எப்பவோ எந்திரிச்சுட்டேன்’ங்கிறா.”

நூலகரிடம் ஒரு தாள் கொடுத்தார்: ‘புதுப் பதிப்பை இந்தப் பிரதியைப் பார்த்து அச்சிடவும்.’ நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பதால் தனித் தாளில். போகும்போது குடையால் என் முழங்காலில் லேசாகத் தட்டி, “அடுத்த புத்தகம் எழுதினா உங்க கண்ணுல காட்டவே மாட்டேன்” என்றார். அடுத்த புத்தகம் என்றாரே, அதைக் கவனித்தாயா?

சட்டம் தன் கடமையைச் செய்தது. புத்தகத்தைச் சிதைத்த குற்றத்துக்காக என் நூலக அட்டையை ஒரு வருஷத்துக்கு முடக்கிவிட்டார்கள். வாசலில் அறிவிப்புப் பலகையில் என் பெயர். வாசகர்கள் நின்று படிக்கிறார்கள். என் கட்டுரைகளை யாரும் இவ்வளவு கவனமாகப் படித்துப் பார்த்ததில்லை, கடைசி வரை படிக்கிறார்கள்.

கவலைப்படாதே. நான் உன்னை விரட்டியதற்கு இது பாதிகூட ஈடில்லை. மிச்சத்துக்கும் ஏதாவது சொல், செய்கிறேன்.

அண்ணன்


மே 7

அண்ணா,

படித்தேன். மூன்று தடவை. அறையில் இருந்தவர்கள் பசை கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணியிடம் வேறு ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல். உன் அட்டை திரும்பக் கிடைக்கும்வரை என் அட்டையில் உனக்குப் புத்தகம் எடுத்துத் தருகிறேன். ஓரத்தைப் பார்த்துத்தான் திருப்பி வாங்குவேன். கண்ணாடிக் கடைச் சீட்டையும் கொண்டு வருகிறேன்.

புதுப் பதிப்பின் முதல் கட்டு எங்கள் கிளைக்குத்தான் தைக்க வரப்போகிறதாம். எல்லா மடிப்பையும் சேர்த்துத் தைப்பேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீ படியேறியிருக்க மாட்டாய் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அப்புறம் நீ தூணுக்குப் பின்னால் நின்ற கதையைப் படித்தபோது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அந்தக் கூட்டம் நடந்தது மார்ச் இருபத்தெட்டு. முட்டி வலி, எழுபத்திரண்டு படி ஏற முடியவில்லை, தரைத்தளம் உள்ள கிளை வேண்டும் என்று நான் மாற்றல் விண்ணப்பம் கொடுத்தது பிப்ரவரி ஒன்பது.

தங்கச்சி